மேலூர் மின்னஞ்சல்கள்: நிரல்களும் அலுவலகங்களும் செய்தி பரிமாறிய கதை

ஒரு கணினியில் இரண்டு ஸ்கிரிப்டுகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, வருகிற மின்னஞ்சல்களைப் பார்த்து இணைப்புகளை எடுத்து வைக்கிறது. இரண்டாவது, அவற்றை ஒவ்வொன்றாக அச்சிடுகிறது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. ஓடுவதும் ஒரே கணினியில்தான். ஆனாலும் "கோப்பு தயார், அச்சிடு" என்று முதலாவது இரண்டாவதிடம் சொல்வது அவ்வளவு எளிதல்ல. ஒன்றின் மாறிகள் மற்றதற்குத் தெரியாது. ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்பதுகூட மற்றதற்குத் தெரியாது.

தனித்தனி நிரல்களை எப்படிப் பேச வைப்பது என்ற இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. இதே கேள்வி 2001-ல் மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வட்டாரக் கிராமங்களிலும் எழுந்தது. அங்கே இரு முனையிலும் இருந்தவை ஸ்கிரிப்டுகள் அல்ல. ஒரு முனையில் கிராமத்துக் கணினி, மறுமுனையில் தாலுகா ஆபீஸ். ஆனால் சிக்கல் ஒன்றேதான். முதலில் கணினிக்குள் நடந்ததைப் பார்த்துவிட்டு மேலூருக்குப் போவோம்.

ஆரம்பத்தில்: கோப்பும் கிளிப்போர்டும்

மிகப் பழைய வழி கோப்பு. ஒரு நிரல் கோப்பில் எழுதி வைக்கும், இன்னொன்று அவ்வப்போது வந்து பார்க்கும். இன்றைக்கும் பலர் இதைத்தான் செய்கிறார்கள். இதில் இரண்டு தொல்லைகள். எழுதுகிறவர் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே படிக்கிறவர் வந்து படித்துவிடலாம். மேலும், படித்தாயிற்றா இல்லையா என்பது எழுதியவருக்குத் தெரிய வராது.

அடுத்தது கிளிப்போர்டு. அது எல்லோருக்கும் பொதுவான ஒரே பலகை. ஸ்கிரிப்ட் அதில் எதையாவது வைத்த அடுத்த நொடியே பயனர் வேறொன்றைக் காப்பி செய்தால் செய்தி போயே போச்சு! ஊர்ப் பொதுச் சுவரில் எழுதி வைப்பது போலத்தான். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம்.

1987: பதில் சொல்லும் பழக்கம்

1987-ல் வந்த விண்டோஸ் 2.0-வில் டி.டி.இ. என்ற முறையை மைக்ரோசாஃப்ட் கொண்டு வந்தது. இதன் நடைமுறை சுவாரஸ்யமானது. பேச விரும்பும் நிரல், திறந்திருக்கும் எல்லா ஜன்னல்களுக்கும் ஓர் அழைப்பு விடுக்கும்: "இந்தப் பெயருள்ள நிரல் இருக்கிறதா? இந்த விஷயம் பற்றிப் பேச முடியுமா?" அந்தப் பெயருக்குரிய நிரல் இருந்தால் ஒப்புகை அனுப்பும். அதன் பிறகுதான் உரையாடலே தொடங்கும்.

உரையாடலுக்குள்ளும் கட்டளைக்கு ஒப்புகை உண்டு. "ஏற்றேன்" என்று சொல்லலாம். "ஏற்கவில்லை" என்று சொல்லலாம். "இப்போது வேறு வேலையில் இருக்கிறேன்" என்றும் சொல்லலாம், அதற்கென்றே தனியாக ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். மூன்று பதில்களில் எது வந்தாலும் அனுப்பியவருக்கு நிலைமை புரியும். எதுவுமே வராவிட்டால்தான் சிக்கல்.

அதே 1987-ல் அமிகா கணினிகளுக்காக வில்லியம் ஹாஸ் 'ஏரெக்ஸ்' என்ற ஸ்கிரிப்ட் மொழியை வெளியிட்டார். ஐ.பி.எம். நிறுவனத்தில் மைக் கௌலிஷா உருவாக்கிய ரெக்ஸ் மொழியின் வழிவந்தது இது. அமிகாவில் ஒவ்வொரு நிரலும் தனக்கென்று பெயர் கொண்ட ஒரு துறையைத் திறந்து வைக்கலாம். ஸ்கிரிப்ட் அந்தப் பெயருக்குக் கட்டளை அனுப்பும். வேலை முடிந்ததும் செய்தி ஒரு முடிவு எண்ணோடு அனுப்பியவரிடமே திரும்பி வரும். படம் வரையும் நிரலையும் எழுத்து நிரலையும் ஒரே ஸ்கிரிப்டால் சேர்த்து இயக்க முடிந்தது இதனால்தான்.

1991-ல் ஆப்பிளின் சிஸ்டம் 7 'ஆப்பிள் ஈவென்ட்' என்ற முறையைக் கொண்டு வந்தது. இங்கே அனுப்புகிறவர் அனுப்பும்போதே சொல்லிவிட வேண்டும்: பதில் வேண்டாம், பதிலைப் பிறகு அனுப்பு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன். இந்த மூன்றில் எது என்று! 1993-ல் வந்த ஆப்பிள்ஸ்கிரிப்ட் இதன் மேல்தான் எழுந்தது.

ஸ்கிரிப்டுகளின் காலம்

விண்டோஸில் சாதாரணப் பயனர்களும் தானியங்கி ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கியதில் இரண்டு கருவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒன்று, 1999-ல் ஜொனாதன் பென்னட் வெளியிட்ட ஆட்டோஇட். மற்றொன்று, 2003-ல் கிறிஸ் மாலெட் வெளியிட்ட ஆட்டோஹாட்கீ. விசையை அழுத்துவது, சுட்டியை நகர்த்துவது, ஜன்னல்களைத் திறந்து மூடுவது எல்லாம் இவற்றால் முடியும். ஒருவர் ஐந்தாறு ஸ்கிரிப்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டத் தொடங்கியதும் அவற்றுக்கிடையே செய்தி பரிமாற வேண்டிய தேவையும் வந்தது.

விண்டோஸில் இதற்கு இரண்டு அடிப்படை வழிகள். 'போஸ்ட்மெசேஜ்' என்பது தபால் பெட்டியில் கடிதம் போடுவது போன்றது. போட்ட உடனே அனுப்பியவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். சேர்ந்ததா, படித்தாரா என்பது தெரியாது. 'செண்ட்மெசேஜ்' என்பது தொலைபேசியில் பேசுவது போன்றது. எதிர்முனை பதில் சொல்லும்வரை அனுப்பியவர் காத்திருக்க வேண்டும். எதிர்முனை உறைந்துபோனால் அனுப்பியவரும் உறைந்துபோவார்! அதனால்தான் 'இத்தனை மில்லி விநாடி வரை பார், இல்லாவிட்டால் விட்டுவிடு' என்று காலக்கெடு வைக்கும் வழியும் தரப்பட்டது.

எழுத்துத் தொடர் ஒன்றை முழுதாக அனுப்புவதற்கு 'காப்பிடேட்டா' என்ற தனிச் செய்தி இருக்கிறது. இதைத் தபால் பெட்டியில் போட முடியாது. தொலைபேசி முறையில்தான் அனுப்ப வேண்டும். காரணம், அனுப்பப்படும் விவரம் எதிர்முனை அதைக் கையாளும் நேரத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும். பெற்றுக்கொண்ட ஸ்கிரிப்ட் 1 என்று திருப்பித் தந்தால் "கிடைத்தது" என்று பொருள். 0 வந்தால் கவனிக்கப்படவில்லை. ஆட்டோஹாட்கீயின் உதவிப் பக்கங்களிலேயே இரண்டு ஸ்கிரிப்டுகள் இப்படிப் பேசிக்கொள்ளும் மாதிரி தரப்பட்டிருக்கிறது. பெற்றுக்கொள்ளும் பக்கம் விரைவாகப் பதில் சொல்லிவிட வேண்டும், நீண்ட வேலையைப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் உள்ள முக்கியப் பாடம்.

லினக்ஸ் பக்கம் 2000-ல் கே.டி.இ. 2 'டிகாப்' என்ற முறையோடு வந்தது. பிறகு அதன் இடத்தை 'டி-பஸ்' பிடித்தது, அதன் 1.0 பதிப்பு 2006-ல் வெளியானது. டி-பஸ்ஸில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. இணையும் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் கிடைக்கும். அந்த நிரல் மூடப்பட்டால் எண்ணும் போய்விடும். ஆனால் 'அறியப்பட்ட பெயர்' என்று இன்னொன்று உண்டு. அது பதவியின் பெயர் மாதிரி. இன்றைக்கு அந்தப் பெயரை ஒரு நிரல் வைத்திருக்கலாம், நாளைக்கு அதே வேலையைச் செய்யும் வேறொன்று வைத்திருக்கலாம். பெயருக்கு அனுப்பிய செய்தி, அப்போது பதவியில் இருப்பவருக்குப் போய்ச் சேரும்.

ஆக, இருபது ஆண்டுகளில் கற்றது இவ்வளவுதான். செய்தியை அனுப்புவது எளிது. எதிர்முனையில் யார் இருந்தாலும் அது போய்ச் சேர வேண்டும். அதன் வடிவம் இரு பக்கமும் ஒத்துக்கொண்டதாக இருக்க வேண்டும். ஒப்புகை வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஒரு நாள் ஏற்பாடு நின்றுபோகும். இனி மேலூர்.

மேலூர், 2001

மதுரையிலிருந்து திருச்சி சாலையில் ஒத்தக்கடை, யானைமலை எல்லாம் தாண்டிச் சுமார் 30 கிலோமீட்டர் போனால் மேலூர். பெரியாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியே வந்து பாயும் நெல் வயல்கள் நிறைந்த பகுதி. சுற்றிலும் ஏராளமான சிற்றூர்கள். அந்த ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு சான்றிதழ் வேண்டுமென்றால் மேலூர் தாலுகா ஆபீசுக்கு வர வேண்டும். போன அன்றைக்கே வேலை முடிந்துவிடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. "அதிகாரி கேம்ப் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள்" என்றால் மறுபடி பஸ் காசு, மறுபடி ஒரு நாள் கூலி போச்சு. முதியோர் உதவித்தொகை கேட்டு வரும் வயதானவர்களின் பாடு இன்னும் மோசம்.

இங்கேதான் 2001 நவம்பரில் 'சாரி' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட திட்டத்தின் முதல் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகம், எம்.ஐ.டி. மீடியா லேப், என்-லாக் நிறுவனம் ஆகியவை இதில் சேர்ந்து வேலை செய்தன. தொலைபேசிக் கம்பி சரியாகப் போகாத ஊர்களுக்கு இணையம் கொண்டு போக, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் பயன்பட்டது. மேலூரில் ஒரு கோபுரம், கிராமத்துக் கூரை மேல் ஒரு சிறிய ஆன்டெனா. இடையில் மறைப்பு இல்லாவிட்டால் சுமார் 10 கிலோமீட்டர் வரை எட்டும். வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைய கைபேசிக்கு அது எறும்பு வேகம். அன்றைக்கு ஒரு கிராமத்துக்கு அதுவே பெரிய விஷயம்!

ஒரு மையம் அமைக்க ஏறக்குறைய 50,000 ரூபாய் ஆனது. கணினி, பிரிண்டர், வெப் கேமரா, மின்சாரம் போனால் சமாளிக்கப் பேட்டரி எல்லாம் அதில் அடக்கம். பல மையங்களை உள்ளூர்க்காரர்களே சொந்த முதலீட்டில் நடத்தினார்கள். சிலவற்றை மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை நடத்தியது. சில ஆண்டுகளில் மையங்களின் எண்ணிக்கை சுமார் 80-ஐ எட்டியது.

மூன்று விதச் செய்திகள்

இந்த மையங்களிலிருந்து பலவிதமான செய்திகள் வெளியே போயின. மூன்றை மட்டும் பார்க்கலாம்.

முதலாவது, கண். மையத்தை நடத்துபவர் வெப் கேமராவில் நோயாளியின் கண்ணைப் படம் எடுப்பார். சில கேள்விகள் கேட்டு விடைகளைக் குறித்துக்கொள்வார். இரண்டும் மின்னஞ்சலில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகும். மருத்துவமனைக்கு வர வேண்டுமா, வேண்டாமா என்ற பதில் அங்கிருந்து வரும். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை அது. கிராமங்களுக்குப் போய் முகாம் நடத்துவது அதற்குப் பழக்கமான வேலை. கண்புரை இருப்பவரைக் கண்டுபிடித்து அறுவை சிகிச்சைக்கு அழைத்து வருவதுதான் அதன் நோக்கமே. ஆகவே வரும் படத்துக்குப் பதில் சொல்வது அவர்களுக்குக் கூடுதல் சுமையாக இல்லை. அவர்கள் செய்துவந்த வேலையின் தொடர்ச்சியாகவே அமைந்தது.

இரண்டாவது, பயிர். பூச்சியோ நோயோ தாக்கிய செடியைப் படம் எடுத்து, யானைமலை அடிவாரத்தில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரி வல்லுநர்களிடம் என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்கலாம். இங்கும் கேள்வி குறிப்பானது. பதிலும் ஒரு வரியில் சொல்லிவிடக் கூடியது.

மூன்றாவதுதான் சான்றிதழ். பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் கிராமத்து மையத்திலிருந்தே மின்னஞ்சலில் விண்ணப்பிக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். தாலுகா ஆபீசில் விண்ணப்பம் தயாரானதும் மையத்துக்குத் தகவல் வரும். விண்ணப்பித்தவர் ஒரே ஒரு முறை போய் வாங்கி வந்தால் போதும். நான்கைந்து நடை ஒரு நடையாகக் குறையும். ஆரம்பத்தில் இது நன்றாகவே நடந்தது. மையம் இருந்த ஊர்களிலிருந்து கூடுதலானவர்கள் சில சேவைகளைப் பெற்றார்கள் என்று திட்டத்தை ஆராய்ந்த ரிச்சா குமாரும் மைக்கேல் பெஸ்ட்டும் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் நீடிக்கவில்லை. இந்த ஏற்பாட்டில் அக்கறை காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அந்த மின்னஞ்சல்களைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. அலுவலகத்தின் பழைய நடைமுறை மாறாமல் தாளிலேயே தொடர்ந்தது. மின்னஞ்சல் அதன் பக்கத்தில் ஒட்டவைக்கப்பட்ட தனி வேலையாக இருந்தது. மெல்ல மெல்ல அரசுச் சேவை நின்றுபோனது. 2005 வாக்கில் மையங்களில் பலவும் மூடப்பட்டுவிட்டன. அதற்கு வருமானக் குறைவு, பராமரிப்புச் சிக்கல் என்று வேறு காரணங்களும் இருந்தன.

எங்கே அறுந்தது?

கவனித்தால் ஒன்று புரியும். கோபுரம் நின்றது. ஆன்டெனா நின்றது. மின்னஞ்சல் போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். அறுந்தது கம்பியில்லா இணைப்பு அல்ல. எதிர்முனையில் "கிடைத்தது" என்று சொல்லும் கடமை யாருக்கும் இல்லாமல் போனதுதான் குறை.

ஸ்கிரிப்ட் மொழியில் சொன்னால், செய்தி பதவிக்குப் போகவில்லை, ஆளுக்குப் போனது. ஜன்னலின் தலைப்பை வைத்து இன்னொரு ஸ்கிரிப்டைத் தேடுகிறவர்களுக்கு இது பழக்கப்பட்ட தொல்லை. தலைப்பு மாறிய அன்றே எல்லாம் நின்றுவிடும். தாசில்தார் மாற்றலான அன்று மேலூரில் நடந்ததும் அதுதான். மேலும் விண்ணப்பம் போனது தபால் பெட்டி முறையில். போட்டாயிற்று, அவ்வளவுதான். "ஏற்றேன்", "ஏற்கவில்லை", "இப்போது வேலையாக இருக்கிறேன்" என்று 1987-லேயே நிரல்கள் சொல்லப் பழகியிருந்த மூன்று பதில்களில் ஒன்றுகூட விண்ணப்பித்த பாட்டிக்கு வரவேண்டும் என்ற விதி இல்லை. பழைய பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை இணைத்து அனுப்பிய நம் ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை முன்பே தெரியும்!

செய்தியின் வடிவமும் அந்தக் காலத்தில் ஒரு தலைவலிதான். 2001-ல் தமிழ் எழுத்துருக்கள் பல குறியாக்கங்களில் இருந்தன. தமிழக அரசு 1999-ல் டாம், டாப் குறியாக்கங்களை அறிவித்திருந்தது. இணையத்தில் பலர் டிஸ்கியைப் பயன்படுத்தினார்கள். ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் கிடைப்பது வெறும் கிறுக்கல். அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல்தான்.

பிறகு வந்தவை

இதே வட்டாரத்தில் இன்னொரு முயற்சி நிலைத்தது. 2000-களின் நடுவில் அரவிந்த் மருத்துவமனை, தேனியைச் சுற்றிச் சிறிய கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்துக் குழு ஒன்று, நீண்ட தூர வைஃபை இணைப்பை அமைத்துக் கொடுத்தது. இங்கே படத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வேலை இல்லை. பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதித்து விவரம் பதிவார். நோயாளி அங்கே உட்கார்ந்திருக்கும்போதே தேனி மருத்துவமனையிலிருந்து மருத்துவர் காணொளியில் பேசுவார். அந்த நேரத்தில் அங்கே உட்கார வேண்டியது ஒரு மருத்துவரின் அன்றாட வேலை. இவர் இல்லாவிட்டால் இன்னொருவர் உட்காருவார். போஸ்ட்மெசேஜிலிருந்து செண்ட்மெசேஜுக்கு மாறியது போல! இன்று அரவிந்தின் இத்தகைய மையங்கள் நூற்றைத் தாண்டிவிட்டன.

சான்றிதழ் பக்கமும் மாற்றம் வந்தது. இப்போது தமிழகத்தில் வருமானம், சாதி, இருப்பிடச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கையில் ஓர் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். அதில் ஓர் எண் இருக்கும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று பதவி பதவியாக நகரும். ஓர் அதிகாரி மாற்றலாகிப் போனாலும் அவர் இடத்துக்கு வருபவர் உள்ளே நுழைந்ததும் நிலுவையில் இருப்பது கண்ணில் படும். தாமதமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எண்ணைக் கொடுத்து 'இப்போது எந்த மேசையில் இருக்கிறது' என்று கேட்க முடிகிறது. மேலூரில் 2001-ல் மின்னஞ்சல் இருந்தது, இந்த எண் இல்லை.

தனித்தனி ஸ்கிரிப்டுகளை இணைக்க நினைக்கும் மாணவர்கள் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, கோப்போ காப்பிடேட்டாவோ டி-பஸ்ஸோ, முதலில் எழுத வேண்டியது அனுப்பும் வரியை அல்ல. பெறும் பக்கம் திருப்பித் தரும் அந்த 1-ஐ எழுதுங்கள். அது வராவிட்டால் என்ன செய்வது என்பதை அடுத்து எழுதுங்கள். மற்றதெல்லாம் பிறகு தானாக வரும்.